தென்சீனக் கடலில் போர்க்கப்பல் நடமாட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சீனக் கடல் செய்தியில் அடிபடும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரே மாதிரி கேள்விகள் வரும். கப்பலில் வேலை பார்ப்பவர்களின் வீட்டார், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வாட்ஸ்அப்பில் வந்த வரைபடத்தைப் பார்த்துப் பதறியவர்கள் என்று கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்வி மாறாது. யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் தகவல்களை மட்டும் வைத்து இந்தக் கடலைக் கவனித்து வருகிறவன் நான். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அந்தக் கடல்ல அப்படி என்னதான் தகராறு?

சீனா, தைவான், வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே ஆகிய ஆறு தரப்பும் அங்கே உள்ள தீவுகள், பவளத்திட்டுகள், கடற்பரப்பு ஆகியவற்றில் சிலவற்றையோ பெரும்பாலானவற்றையோ தம்முடையவை என்கின்றன. கடலின் பரப்பு சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். சீனா தன் வரைபடத்தில் போடும், 'ஒன்பது துண்டுக் கோடு' என்று அறியப்படும் கோடு அதில் பெரும்பகுதியை வளைத்துக்கொள்கிறது. இந்தோனேசியா தீவுத் தகராறில் இல்லை என்றாலும், நதுனா தீவுகளை ஒட்டிய அதன் கடலும் அந்தக் கோட்டில் மாட்டுகிறது.

பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், கோட்டுக்குள் சீனா கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று ஹேக் நகரின் நடுவர் மன்றம் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை. தீர்ப்பை அமல்படுத்த நடுக்கடலில் போலீஸ் கிடையாது. ஒரு திட்டின் பக்கத்தில் யாருடைய கப்பல் எத்தனை நாள் நிற்கிறது என்பதே அங்கே உரிமை கொண்டாடும் வழியாகிவிட்டது. கப்பலை எண்ணுவதற்கு இவ்வளவு மதிப்பு வந்தது அதனால்தான்.

போன்ல கப்பல் காட்டுற ஆப் வச்சிருக்கேன். அதுல போர்க்கப்பல் ஏன் தெரியறதில்ல?

மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற ஆப்கள் கப்பலைப் பார்ப்பதில்லை, கப்பல் சொல்வதைக் கேட்கின்றன. ஏஐஎஸ் என்ற கருவி கப்பலின் பெயர், ஒன்பது இலக்க அடையாள எண், இருக்கும் இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் சில விநாடிகளுக்கு ஒருமுறை ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். நங்கூரமிட்டு நின்றால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும்: 412, 413, 414 சீனா, 548 பிலிப்பைன்ஸ், 574 வியட்நாம், 419 இந்தியா.

சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. போர்க்கப்பல்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கருவி இருக்கும், வேண்டும்போது மட்டும் போடுவார்கள்.

ஆனா சில நேரம் அமெரிக்கப் போர்க்கப்பல் பேரோட தெரியுதே?

அதற்குப் பின்னால் 17 உயிர்கள் இருக்கின்றன. 2017 ஜூனில் ஜப்பான் அருகே ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி 7 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு டேங்கரோடு மோதி 10 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, நெரிசலான கடல்வழிகளில் அமெரிக்கக் கடற்படை ஏஐஎஸ் போட ஆரம்பித்தது. சிங்கப்பூர் நீரிணையில் தெரிந்த கப்பல் திறந்த கடலுக்கு வந்ததும் மறைந்துபோவது வழக்கமான நடைமுறைதான். மறைந்ததை வைத்துக் கதை கட்ட வேண்டாம்.

எங்க பையன் அந்த வழியா போற டேங்கர்ல இருக்கான். ரெண்டு நாளா கப்பலோட புள்ளியே காணோம். பயமா இருக்கு, என்ன பண்றது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மார்களுக்கு முதலில் சொல்வது: புள்ளி காணாமல் போனால் கப்பல் காணாமல் போனதாக அர்த்தம் இல்லை. கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு சுமார் 40 கடல்மைல் வரைதான் சிக்னல் எட்டும். அதைத் தாண்டினால் செயற்கைக்கோள்தான் கேட்க வேண்டும். செயற்கைக்கோள் தரும் இடத்தைப் பெரும்பாலான ஆப்கள் காசு கட்டியவர்களுக்குத்தான் காட்டும். நடுக்கடலில் புள்ளி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அந்தக் கடலுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 2021 நவம்பரில் சீனாவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்ததை ஒட்டி, சீனக் கரையோர நிலையங்களிலிருந்து வெளியே வந்த ஏஐஎஸ் தகவல் பெருமளவு குறைந்தது. கப்பல் அதே இடத்தில்தான் போகிறது, நமக்குச் சொல்ல ஆள் இல்லை. கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்துக்கு எப்போது போய்ச் சேரும் என்று ஆப்பில் போட்டிருக்கும், அந்த நாள் வரை பொறுங்கள். மனம் ஆறவில்லை என்றால் பையனை வேலைக்கு எடுத்த ஏஜென்சியைக் கேளுங்கள். கப்பல் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, ஆப்ல தெரியற போர்க்கப்பலையாவது நம்பலாமா?

அதையும் அப்படியே நம்பக் கூடாது. 2021 ஜூனில் கருங்கடலில் நடந்ததைச் சொல்கிறேன். பிரிட்டனின் டிஃபெண்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் இரண்டும் ஜூன் 18 நள்ளிரவு வாக்கில் ஒடேசா துறைமுகத்தை விட்டுக் கிளம்பி, ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தோபோல் வாசல்வரை போனதாக ஏஐஎஸ் காட்டியது. வேகம், திசை, நேரம் எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஆனால் ஒடேசா துறைமுகத்தைக் காட்டும் நேரலைக் கேமராவில் இரண்டு கப்பலும் கட்டிய கயிறு அவிழாமல் அப்படியே நின்றன. யாரோ பொய்யான தடத்தை உருவாக்கி விட்டிருக்கிறார்கள்.

திரையில் தெரியும் புள்ளி என்பது யாரோ ஒருவர் சொல்லும் வாக்குமூலம். அதற்கு இரண்டாவது சாட்சி வேண்டும், அதுவும் முதல் சாட்சியோடு சம்பந்தமில்லாத சாட்சி. ஒடேசாவில் அந்தச் சாட்சி ஒரு சாதாரண வெப்கேமரா. பத்து பேர் அதே ஆப்பின் படத்தை எடுத்துப் போட்டாலும் சாட்சி ஒன்றுதான். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

சிக்னலை அணைச்சா என்ன, சாட்டிலைட்ல பார்த்துடலாமே?

பார்க்கலாம், ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி கப்பல் கூடவே நகரும் நேரடிக் காட்சி கிடையாது. இலவசமாகக் கிடைப்பதில் முக்கியமானவை ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள். சென்டினல்-2 சாதாரணப் படம் எடுக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை, அதுவும் உள்ளூர் நேரம் காலை பத்தரை வாக்கில் வரும். மேகம் மூடியிருந்தால் அந்த முறை போச்சு. திறந்த நடுக்கடலை அது வழக்கமாகப் படம் எடுப்பதும் இல்லை. தீவுகள், திட்டுகள், கரையோரம், இவைதான் கிடைக்கும்.

சென்டினல்-1 ரேடாரால் பார்க்கிறது. இரவும் மேகமும் அதற்குத் தடை இல்லை. கறுத்த கடலில் இரும்புக் கப்பல் வெள்ளைப் பொட்டாக மின்னும். உற்றுப் பார்த்தால் ஓர் அழகான விஷயம் தெரியும்: ஓடுகிற கப்பலின் பொட்டு, அது நீரில் விட்டுப் போகும் தடத்தின் நுனியில் இருக்காது, சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். கப்பல் ரேடாரை நோக்கியோ விலகியோ நகர்வதால் வரும் பிறழ்வு அது. எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து கப்பலின் வேகத்தைக் கணக்கிடலாம். எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததே இப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான்.

அப்புறம் நேரக் கணக்கு. 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் போகும் கப்பல் ஒரு நாளில் 480 கடல்மைல், அதாவது கிட்டத்தட்ட 890 கிலோமீட்டர் போய்விடும். நேற்றைய படம் நேற்று எங்கே இருந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

படத்துல வெறும் கோடு மாதிரி தெரியுது. அதை வச்சு இந்தக் கப்பல்னு எப்படிச் சொல்றாங்க?

சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளிக்கு 10 மீட்டர். 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பல் முப்பது புள்ளிக்கு விரியும், அகன்ற தளமும் தெரியும். அதைக் குழப்பிக்கொள்வது கடினம். நாசகாரி அப்படி இல்லை. அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகையும் சீனாவின் 052டி வகையும் ஏறக்குறைய 155 மீட்டர் நீளத்திலேயே இருக்கின்றன. பதினைந்து புள்ளி நீளம், இரண்டு புள்ளி அகலம். இரண்டையும் இந்தப் படத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்கிறவர் கூடுதல் தெளிவுள்ள விலைப் படம் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊகிக்கிறார்.

பெயர் வரை போக வேண்டுமானால் பக்கவாட்டில் எழுதிய எண் தெரியும் புகைப்படம் வேண்டும். சீன விமானந்தாங்கிகளில் 16 லியாவ்நிங், 17 ஷான்டோங், 18 ஃபூஜியான். நீரிணைகளின் கரையில் கேமராவோடு காத்திருக்கும் ஆர்வலர்கள் எடுத்த ஒரு தெளிவான படம், பத்து செயற்கைக்கோள் படத்துக்குச் சமம்.

அரசாங்கங்களே எதுவும் சொல்றதில்லையா?

நிறையச் சொல்கின்றன. தங்கள் கப்பலைப் பற்றி அல்ல, எதிராளியின் கப்பலைப் பற்றி. ஜப்பான் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் தன் தீவுகளுக்கு இடையே புகுந்து போகும் சீன, ரஷ்யக் கப்பல்களின் எண்ணையும் புகைப்படத்தையும் தேதியோடு வெளியிடுகிறது. தைவான் பாதுகாப்பு அமைச்சகம் தன்னைச் சுற்றி வந்த சீன விமானங்கள், கப்பல்களின் எண்ணிக்கையைத் தினமும் காலையில் சொல்கிறது. பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படை 2023 முதல் மோதல்களை வீடியோவோடு வெளியிடுகிறது. சிந்தனைக் குழுக்களும் இப்படித்தான்: வாஷிங்டனில் உள்ள ஆசிய கடல்சார் வெளிப்படைத்தன்மை முன்முயற்சி சீனக் கப்பல்களை எண்ணும், பெய்ஜிங்கில் உள்ள எஸ்சிஎஸ்பிஐ அமெரிக்கக் கப்பல்களையும் உளவு விமானங்களையும் எண்ணும். ஒருவர் நோட்டில் மற்றவர் கணக்கு. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் என் வழக்கம்.

சீனாவின் கடல்பாதுகாப்பு நிர்வாகம் போடும் எச்சரிக்கை அறிவிப்புகளைப் பலரும் கவனிப்பதில்லை. எந்தத் தேதியில், எந்த அட்சரேகை தீர்க்கரேகைக்குள், சுடும் பயிற்சி நடக்கிறது, கப்பல்கள் நுழைய வேண்டாம் என்று வணிகக் கப்பல்களுக்குச் சொல்வார்கள். அந்த நான்கு மூலைகளை வரைபடத்தில் குறித்தால், நடமாட்டத்தை அது நடப்பதற்கு முன்பே பார்க்கலாம். இந்தத் தொழிலில் இப்படி முன்கூட்டித் தெரிவது வேறு அதிகம் இல்லை.

அமெரிக்க விமானந்தாங்கிகளுக்கு, யு.எஸ். நேவல் இன்ஸ்டிட்யூட் செய்திப் பிரிவு வாராவாரம் வெளியிடும் வரைபடம் இருக்கிறது. இடம் தோராயமாகத்தான் இருக்கும். அதிகாரிகளின் வாய்ச்சொல்லைவிட அது எவ்வளவோ மேல். 2017 ஏப்ரலில் கார்ல் வின்சன் கொரியாவை நோக்கிப் போவதாக வாஷிங்டனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஏப்ரல் 15 அன்று அது இந்தோனேசியாவின் சுந்தா நீரிணை வழியாகப் போகும் படத்தை அமெரிக்கக் கடற்படையே வெளியிட்டது. கொரியா பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே இருந்தது.

வெள்ளைக் கப்பல், சாம்பல் கப்பல், நீலப் படகுன்னு பேசறாங்களே, அது என்ன?

சாம்பல் நிறம் கடற்படை. வெள்ளை நிறம் கடலோரக் காவல்படை. நீல நிறத்தில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நிற்பவை மீன்பிடிப் படகு போல இருக்கும் சீனக் கடல்சார் குடிப்படை (மிலிஷியா). தென்சீனக் கடலில் அன்றாட மோதல் நடப்பது பின்னிரண்டால்தான். போர்க்கப்பலை மட்டும் தேடுகிறவர் நாடகத்தின் பாதியைத் தவறவிடுகிறார். 2021 மார்ச்சில் விட்சன் திட்டில் சுமார் 220 படகுகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு நின்றன. வானிலைக்காக ஒதுங்கிய மீனவர்கள் என்றது சீனா. தடத்தைப் பாருங்கள்: மீன்பிடிப் படகு முன்னும் பின்னும் உழுத மாதிரி ஓடும். வாரக்கணக்கில் ஓரிடத்தில் நிற்கும் படகுக்கு வேலை வேறு.

இந்த நிறங்கள் கலந்து வேலை செய்வதை 2025 ஆகஸ்ட் 11 அன்று உலகமே பார்த்தது. ஸ்கார்பரோ திட்டு அருகே பிலிப்பைன்ஸின் சுலுவான் என்ற காவல் கப்பலை சீனாவின் வெள்ளை நிற 3104-உம் சாம்பல் நிற நாசகாரி 164-உம் துரத்தின. துரத்திய இரண்டும் ஒன்றோடொன்று மோதி, 3104-இன் முன்பகுதி நசுங்கிப்போனது. பிலிப்பைன்ஸ் வெளியிட்ட வீடியோவில் இரண்டு எண்களும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் கப்பலில் இருந்தவர்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது. எந்தக் கொடியானாலும் அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான்.

நீர்மூழ்கியைப் பின்தொடர முடியுமா?

முடியாது. துறைமுகத்தில் நிற்கும்போது எண்ணலாம். ஹைனான் தீவின் யூலின் தளத்துப் படங்களை வைத்துப் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். முங்கிய பிறகு வெளியாருக்கு எதுவும் தெரியாது. அமெரிக்காவின் கனெக்டிகட் 2021 அக்டோபர் 2 அன்று தென்சீனக் கடலில் நீருக்கடி மலை ஒன்றில் மோதியது. அக்டோபர் 7 அன்று கடற்படை தானாகச் சொன்ன பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது.

'சீன எல்லைக்குள் புகுந்த அமெரிக்கக் கப்பல்'னு ஒரு செய்தி, 'சர்வதேசக் கடலில் பயணம்'னு இன்னொரு செய்தி. எது சரி?

இரண்டு செய்தியும் ஒரே இடத்தைச் சொல்லக்கூடும். கரையிலிருந்து 12 கடல்மைல் ஆட்சிக் கடல், 200 கடல்மைல் வரை பொருளாதார மண்டலம். ஆனால் எதைக் 'கரை' என்பது? அலை ஏறினால் மூழ்கும் திட்டுக்குத் தனியாக 12 மைல் கிடையாது. மேலே முதல் பதிலில் சொன்ன 2016 தீர்ப்பு, சீனா ஓடுபாதை கட்டியிருக்கும் மிஸ்சீஃப் திட்டை அந்த வகையில்தான் வைத்தது. மணல் கொட்டி உயர்த்தினாலும் சட்டத்தில் அது பழைய திட்டுதான். ஸ்கார்பரோவுக்கு 12 மைல் உண்டு என்றது, ஆனால் அது யாருடையது என்று தீர்ப்பு சொல்லவில்லை.

அடுத்து, ஆட்சிக் கடலுக்குள்ளேயும் தீங்கில்லாமல் கடந்துபோகும் உரிமை எல்லாக் கப்பலுக்கும் உண்டு. போர்க்கப்பல் முன்அனுமதி வாங்க வேண்டும் என்கிறது சீனாவின் 1992 சட்டம், தேவையில்லை என்கிறது அமெரிக்கா. இதைச் சோதிக்கத்தான் அமெரிக்கக் கப்பல்கள் வேண்டுமென்றே பக்கத்தில் போகின்றன. 2018 செப்டம்பர் 30 அன்று கேவன் திட்டு அருகே டிகேட்டர் கப்பலின் முன்னால் சீன நாசகாரி சுமார் 41 மீட்டர் வரை நெருங்கி வந்தது. நாசகாரியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை அந்த இடைவெளி. செய்தியைப் படிக்கும்போது எந்தத் திட்டு, எத்தனை கடல்மைல் என்ற இரண்டையும் தேடுங்கள். அது இல்லாத செய்தியில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அமெரிக்கா இந்த வேலையை நண்பர்களிடமும் காட்டும்: 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு மேற்கே இந்தியப் பொருளாதார மண்டலத்திலும் அதன் கப்பல் இப்படிப் போய், அதை அறிவிக்கவும் செய்தது. கடல்சட்ட உடன்படிக்கையில் அமெரிக்கா இன்னும் சேரவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்ம கப்பலும் அங்க போகுதா?

போகிறது. 2011 ஜூலை 22 அன்று வியட்நாமின் நியா சாங் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஐராவத் கப்பலை ரேடியோவில் அழைத்து, 'சீனக் கடற்படை' என்று சொல்லிக்கொண்ட ஒரு குரல், நீங்கள் சீனக் கடலுக்குள் நுழைகிறீர்கள் என்றது. கண்ணுக்கு எந்தக் கப்பலும் தெரியவில்லை. ஐராவத் தன் வழியில் போனது. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் டெல்லி, சக்தி, கில்டன் ஆகிய கப்பல்கள் பிலிப்பைன்ஸ் கடற்படையோடு தென்சீனக் கடலில் சேர்ந்து பயணித்தன. அது இரு நாட்டுக்கும் முதல்முறை.

ஒரே இடத்துல நாலஞ்சு போர்க்கப்பல் கூடினா போர் வரப்போகுதா?

வழக்கமாக எத்தனை நிற்கும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்கார்பரோவில் இன்று ஐந்து கப்பல் என்றால், போன மாதம் எத்தனை, போன வருடம் இதே மாதம் எத்தனை? பருவக்காற்றும் பயிற்சிக் காலமும் எண்ணிக்கையைக் கூட்டும் குறைக்கும். முன் சொன்ன சுடும் பயிற்சி அறிவிப்பு அந்த இடத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பதற்றம் அங்கேயே அடங்கிவிடும்.

எண்ணிக்கையைவிட உடன் வரும் கப்பல்களைப் பார்ப்பேன். எண்ணெயும் உணவும் கொடுக்கும் துணைக்கப்பல் கூடவே வந்தால், நீண்ட நாள் நிற்கும் எண்ணம் இருக்கிறது. இந்தத் துணைக்கப்பல்கள் பல நேரம் ஏஐஎஸ் போட்டபடியே வரும் என்பது நமக்கு ஒரு வசதி.

நான் கண்டுபிடிச்சதை உடனே போடலாமா?

உடனே வேண்டாம். இரண்டாம் தாமஸ் திட்டில் 1999 முதல் தரைதட்டி நிற்கும் சியரா மாட்ரே என்ற பழைய கப்பலில் பிலிப்பைன்ஸ் வீரர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகளை மறித்து 2024 ஜூன் 17 அன்று நடந்த கைகலப்பில் ஒரு வீரரின் கட்டைவிரல் போனது. அப்படிப்பட்ட படகு போய்க்கொண்டிருக்கும்போது அதன் இடத்தைப் போடுவதை நான் தவறாகவே நினைக்கிறேன். போய்த் திரும்பிய பிறகு போடலாம். கடற்படைத் தளங்களைப் படமெடுப்பது பல நாடுகளில் குற்றம், அங்கே போய் நிற்கவே வேண்டாம்.

போடும்போது படம் எடுத்த நேரத்தைச் சர்வதேச நேரத்தில் எழுதுங்கள். மணிலாவும் பெய்ஜிங்கும் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். இந்த வித்தியாசத்தால் ஒரே கப்பலை இரண்டு கப்பலாக எண்ணியவர்கள் உண்டு.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஒரே ஒரு திட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஸ்கார்பரோவைச் சொல்வேன், லூசான் தீவுக்கு மேற்கே சுமார் 120 கடல்மைல். சென்டினல்-2 படத்தில் முக்கோணமாக, நடுவில் வெளிறிய நீலத்தில் ஏரி மாதிரி தெரியும். தென்கிழக்கு மூலையில் அதன் வாய். முதல் மாதம் கப்பலே தேட வேண்டாம். பழைய படங்களை வரிசையாகத் திறந்து, மேகமில்லாத நாளில் திட்டு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்குங்கள். பாறையில் அலை உடைந்தாலும் வெள்ளைக் கோடுதான், கப்பலுக்குப் பின்னால் நுரைத்தாலும் வெள்ளைக் கோடுதான். ஆரம்பத்தில் நான் அலையைப் படகென்று எண்ணி நோட்டில் எழுதிவைத்தேன். அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் அந்தப் 'படகு' அதே இடத்தில் நின்றது. அப்போதுதான் அடித்துத் திருத்தினேன்.